காண முடியாத நிறங்கள், கற்பனைக்கு எட்டாத நிறங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிறத்தைப் பற்றிய தத்துவப் பேச்சு எங்கே தொடங்கினாலும் ஏறக்குறைய ஒரே ஐயங்களில்தான் வந்து நிற்கிறது. வாய்மொழியாகப் பலமுறை சொன்ன விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். ஒளியால் தர முடியாதது, கண்ணால் பெற முடியாதது, எண்ணிப் பார்த்தாலே முரண்படுவது ஆகிய மூன்றையும் 'இயலாத நிறம்' என்ற ஒரே பெயரால் அழைப்பதுதான் பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம் என்பது என் கருத்து.

நிறம் பொருளில் இருக்கிறதா, நம் கண்ணில் இருக்கிறதா?

ஒளிக்கதிர்களுக்கு நிறம் கிடையாது, நிற உணர்வை எழுப்பும் ஆற்றல் மட்டுமே உண்டு என்று 1704இல் வெளியான தமது ஒளியியல் நூலில் நியூட்டனே எழுதிவிட்டார். நமக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 380 முதல் 740 நானோமீட்டர் வரை. விழித்திரையில் உள்ள மூன்று வகைக் கூம்புச் செல்கள் அந்தப் பரப்பைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. குறு அலைக் கூம்பு 420 நானோமீட்டருக்கு அருகிலும், நடு அலைக் கூம்பு 530க்கு அருகிலும், நெட்டலைக் கூம்பு 560க்கு அருகிலும் மிகுதியாகத் தூண்டப்படுகின்றன. தனியொரு கூம்புக்கு நிறம் தெரியாது. தான் எவ்வளவு தூண்டப்பட்டோம் என்பதை மட்டுமே அது தெரிவிக்கும். மூன்றும் தெரிவிப்பதை ஒப்பிட்டுத்தான் நரம்பு மண்டலம் நிறத்தைக் கணிக்கிறது.

இதனால் முற்றிலும் வேறான ஒளிகள் ஒரே நிறமாகத் தெரிய முடிகிறது. சோடிய விளக்கின் மஞ்சள் 589 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது. கைபேசித் திரையின் மஞ்சளிலோ எரிபவை சிவப்புப் புள்ளிகளும் பச்சைப் புள்ளிகளும் மட்டுமே. ஆகவே நிறத்தை முழுவதும் பொருளின்மீது ஏற்றிவிட முடியாது. பொருள் ஒளியைத் திருப்பி அனுப்பும் விதம் மாறினால் நிறமும் மாறுகிறது என்பதால் முழுவதும் கண்ணின்மீதும் ஏற்றிவிட முடியாது. நிறம் என்பது பொருள், ஒளி, காண்பவர் ஆகிய மூன்றுக்கும் இடையிலான உறவு என்ற நிலைப்பாட்டையே இந்தப் பக்கம் முழுவதும் பின்பற்றுகிறேன். தத்துவத்தில் இதை மறுப்பவர்களும் உண்டு; பொருளின் பரப்பு ஒளியைத் திருப்பும் தன்மையே நிறம் என்போரும், நிறம் என்று உலகில் எதுவுமே இல்லை என்போரும் இன்றும் வலுவாக வாதிடுகிறார்கள்.

மனிதனால் மொத்தம் எத்தனை நிறங்களைப் பார்க்க முடியும்?

பிரித்தறியக்கூடிய சாயல்களை எண்ணினால் பல லட்சம் முதல் ஒரு கோடி வரை மதிப்பீடுகள் உள்ளன. எண்ணும் முறைக்கு ஏற்ப விடை மாறுகிறது. நியூட்டன் நிறமாலையை ஏழாகப் பிரித்தது இசையின் சுரங்களோடு பொருத்துவதற்காகவே. நிறமாலையில் ஏழு கோடுகள் எங்கும் வரையப்பட்டிருக்கவில்லை. தத்துவத்துக்கு இந்த எண்ணிக்கை அவ்வளவு முக்கியமில்லை. சாயல்கள் ஒன்றோடொன்று எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதுதான் முக்கியம்.

மெஜந்தா வானவில்லில் இல்லையே, அப்படியானால் அது மூளை செய்யும் பொய்தானே?

மெஜந்தாவுக்கு ஒற்றை அலைநீளம் இல்லை என்பது உண்மை. நெட்டலைக் கூம்பும் குறு அலைக் கூம்பும் ஒருசேரத் தூண்டப்பட்டு, நடு அலைக் கூம்பு அமைதியாக இருக்கும்போது அது தெரிகிறது. அதற்காக அதைப் பொய் என்றால் வெள்ளை, இளஞ்சிவப்பு, சாம்பல், பழுப்பு எல்லாமே பொய்யாகிவிடும்; அவற்றில் எதற்கும் ஒற்றை அலைநீளம் இல்லை. இணையத்தில் பரவும் 'மெஜந்தா என்று ஒன்று இல்லவே இல்லை' என்ற செய்தி, நிறமும் அலைநீளமும் ஒன்றே என்று வைத்துக்கொண்டால்தான் வியப்பூட்டும். முதல் விடையைப் படித்தவருக்கு அதில் வியப்பு இருக்காது.

பழுப்பு இதைவிடச் சுவையானது. இருட்டறையில் திரையில் ஒரு பழுப்புச் சதுரத்தை வெள்ளைப் பின்னணியில் வைத்துப் பாருங்கள். பிறகு ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி, அந்தச் சதுரம் மட்டும் தெரியும்படி அதன் வழியே ஒற்றைக் கண்ணால் பாருங்கள். பழுப்பு மெல்ல விலகி மங்கலான ஆரஞ்சு நிறம் தெரியவரும். கண்ணுக்குள் வரும் ஒளி மாறவில்லை. சுற்றியிருந்த வெளிச்சம் மட்டுமே போய்விட்டது. தன்னைவிடப் பிரகாசமான ஏதோ ஒன்று அருகில் இருந்தால்தான் பழுப்பு பழுப்பாக இருக்க முடியும்.

கண்ணை மூடினால் தெரிவது கருப்புதானே?

முழு இருட்டில் தெரிவது அடர்ந்த சாம்பல். விழித்திரையும் நரம்புகளும் ஒளி இல்லாதபோதும் சிறிதளவு தாமாகவே இயங்கிக்கொண்டிருப்பதுதான் காரணம். நல்ல வெளிச்சத்தில் அச்சிட்ட எழுத்து அதைவிடக் கருப்பாகத் தெரியும், ஏனென்றால் பழுப்பைப் போலவே ஆழ்ந்த கருப்புக்கும் பக்கத்தில் வெளிச்சம் வேண்டும்.

இதுவரை பார்க்காத ஒரு நிறத்தை என்னால் கற்பனை செய்ய முடியுமா?

இந்தக் கேள்வியை 1739இல் டேவிட் ஹியூம் கூர்மையாக எழுப்பினார். நீலத்தின் எல்லாச் சாயல்களையும் கண்ட ஒருவர் ஒரே ஒரு சாயலை மட்டும் கண்டதில்லை என்று கொள்வோம். ஆழ்ந்த நீலத்திலிருந்து வெளிர்நீலம் வரை அவர்முன் வரிசையாக அடுக்கிவைத்தால், விடுபட்ட இடத்தில் ஓர் இடைவெளி இருப்பது அவருக்குப் புலப்படும். அங்கே வரவேண்டிய சாயலை அவரால் மனத்தாலேயே நிரப்பிக்கொள்ளவும் முடியும் என்றார் ஹியூம். எளிய எண்ணங்கள் எல்லாமே முன்பு பெற்ற புலனுணர்வின் நகல்கள் என்பது அவருடைய அடிப்படைக் கொள்கை. இந்த எடுத்துக்காட்டு அதையே குலைக்கிறது. ஆயினும் இது மிக அரிதான விலக்கு, இதற்காகப் பொதுவிதியை மாற்ற வேண்டியதில்லை என்று சொல்லி அவர் கடந்துவிட்டார்.

அவர் அவ்வளவு எளிதாகக் கடந்திருக்கக் கூடாது. நீலத்துக்குச் செல்லும் வாதம் எல்லா நிறங்களுக்கும் செல்லும். ஒரு சாயல் விடுபட்டால் நிரப்ப முடியும் என்றால் இரண்டு விடுபட்டாலும் முடியும்; எத்தனை விடுபட்டால் முடியாமல் போகும் என்பதற்கு ஹியூமிடம் விடை இல்லை. என் பார்வையில் அவர் கண்டது விலக்கு ஒன்றை அல்ல, கற்பனையின் இயல்பான வேலையை. தெரிந்த இரண்டுக்கு நடுவே உள்ளதை இட்டு நிரப்புவது கற்பனைக்குக் கைவந்த செயல். இரண்டுக்கும் வெளியே போவதுதான் அதற்குக் கடினம்.

அப்படியானால் எந்த நிறத்தின் சாயலும் இல்லாத, முற்றிலும் புதிய ஒரு நிறம்?

முயன்று பாருங்கள். மனத்தில் வருவது தெரிந்த நிறம் ஒன்றின் திரிபாகவே இருக்கும். சிவப்பிலிருந்து தொடங்கி ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா, மெஜந்தா என்று சென்றால் மீண்டும் சிவப்புக்கே வந்து சேர்கிறோம். வட்டத்தில் இடைவெளி இல்லை. செறிவைக் குறைத்தால் சாம்பலுக்குப் போகிறோம், ஒளிர்வைக் கூட்டினால் வெள்ளைக்கும் குறைத்தால் கருப்புக்கும் போகிறோம். ஹியூமின் நீலத்துக்கு வரிசையில் காலியிடம் ஒன்று இருந்தது. முற்றிலும் புதிய நிறத்துக்கோ காலியிடமே இல்லை.

ஆனால் இதிலிருந்து 'அப்படி ஒரு நிறம் இருக்கவே முடியாது' என்று முடிவு கட்டுவது தவறு. மூன்று கூம்புகளின் விடைகளை மூன்று எண்களாகக் கொண்டால் நம் நிறவெளி முப்பரிமாணமானது. முப்பரிமாண வெளியின் உள்ளே இருந்துகொண்டு நான்காவது திசையைச் சுட்டிக்காட்ட முடியவில்லை என்பது அந்தத் திசை இல்லை என்பதற்குச் சான்று ஆகாது.

சிவப்பும் பச்சையும் கலந்த நிறத்தை ஏன் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை? கலந்தால் பழுப்பு வருகிறதே?

சாயத்தைக் கலப்பது வேறு, ஒரே நிறத்துக்குள் இரண்டு சாயல்களைக் காண்பது வேறு. ஆரஞ்சைப் பார்த்தால் அதில் சிவப்பும் மஞ்சளும் இருப்பது கண்ணுக்கே தெரிகிறது. பழுப்பைப் பார்க்கும் எவரும் 'இதோ இதில் பச்சை' என்று சொல்வதில்லை. சிவப்புச் சாயல் கொண்ட பச்சை, நீலச் சாயல் கொண்ட மஞ்சள் ஆகிய இரண்டும் நம் அனுபவத்தில் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் எவால்ட் ஹேரிங் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்: சிவப்பும் பச்சையும் ஒரே செயல்முறையின் இரண்டு எதிர்த்திசைகள், மஞ்சளும் நீலமும் அதுபோலவே, ஒரே வேளையில் இரண்டு திசைகளிலும் செல்ல முடியாது. 1957இல் ஹர்விச், ஜேம்சன் இருவரும் ஒரு நிறத்தின் சாயலை அதன் எதிர்நிறத்தைச் சேர்த்து அழித்து, எவ்வளவு சேர்க்க வேண்டியிருந்தது என்று அளந்து காட்டினார்கள். பிற்காலத்தில் எதிர்த்திசைச் செல்கள் நரம்புப் பாதையில் கண்டறியப்பட்டாலும், அவற்றின் அச்சுகள் நாம் உணரும் தூய சிவப்பு, தூய பச்சை ஆகியவற்றோடு அப்படியே பொருந்துவதில்லை. எனவே ஹேரிங்கின் விளக்கம் முடிந்த கதை அல்ல.

1983இல் கிரேன், பியாந்தனிதா இருவரும் விசித்திரமான ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சிவப்புப் பட்டையும் பச்சைப் பட்டையும் தொட்டுக்கொண்டிருக்கும் எல்லைக்கோட்டை, கண் அசையும்போதெல்லாம் கூடவே அசையுமாறு கருவியால் விழித்திரையின் ஒரே இடத்தில் நிலைநிறுத்தினார்கள். அப்படி நிலைத்துவிட்ட எல்லை சிறிது நேரத்தில் புலனிலிருந்து மறைந்துவிடும். இரண்டு பக்க நிறங்களும் ஒன்றுக்குள் ஒன்று பரவத் தொடங்கும். பங்கேற்றவர்களில் சிலர், ஒரே இடத்தில் ஒரே வேளையில் சிவப்பாகவும் பச்சையாகவும் இருந்த நிறத்தைக் கண்டதாகச் சொன்னார்கள். 2006இல் வேறொரு குழு, நிறங்கள் இப்படிப் பரவும்போது மக்கள் காண்பது இடைப்பட்ட ஒரு மங்கல் நிறமே, புதிய நிறம் அல்ல என்று முடிவு செய்தது.

இரண்டு ஆய்வுகளில் எது சரி என்பதைவிட, கேள்வி எந்த வகையைச் சேர்ந்தது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. சிவப்பான பச்சை என்பது சதுரமான வட்டத்தைப் போன்ற முரண் என்றால் எந்தக் கருவியாலும் அதைக் காட்ட முடியாது. சோதனை நடத்துவதே வீண். நடத்தலாம் என்று பலருக்கும் தோன்றியதே, தடை கருத்தில் இல்லாமல் நரம்பின் அமைப்பில் இருக்கலாம் என்பதைக் காட்டுகிறது.

கருவி எதுவும் இல்லாமல் வீட்டிலேயே 'இயலாத நிறம்' ஏதாவது பார்க்க முடியுமா?

முடியும். திரையில் அடர்ந்த, செறிவான மஞ்சள் வட்டம் ஒன்றை வைத்து, அதன் நடுப்புள்ளியை 30 விநாடி அசையாமல் பாருங்கள். உடனே முழுக் கருப்பான பரப்புக்குப் பார்வையை மாற்றுங்கள். நீலப் பின்பிம்பம் ஒன்று மிதக்கும். சற்றுக் கவனித்தால் அது கருப்புப் பரப்பின் அளவுக்கே இருண்டிருப்பதும், இருந்தும் ஐயத்துக்கிடமின்றி நீலமாக இருப்பதும் தெரியும். அவ்வளவு இருண்ட பொருள் அவ்வளவு செறிவான நீலமாக இருக்க முடியாது. பால் சர்ச்லாண்ட் 2005இல் இத்தகைய நிறங்களை எதிர்த்திசைக் கொள்கையிலிருந்து முன்கூட்டியே கணித்து விளக்கினார். பச்சையை வெறித்துப் பார்த்துவிட்டு அதே ஒளிர்வுள்ள சிவப்புக்கு மாறினால், சிவப்பைவிடச் சிவப்பான ஒன்று தெரியும். இவை ஒளியால் நேரடியாகத் தர முடியாத நிறங்கள். கண் களைத்திருக்கும்போது மட்டும் கிடைப்பவை. சூரியனையோ கூசும் விளக்கையோ இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

2025இல் புதிய நிறம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்களாமே?

'ஓலோ' என்று பெயரிடப்பட்டதைக் கேட்கிறீர்கள். நடு அலைக் கூம்பின் தூண்டுதல் பரப்பு மற்ற இரண்டோடும் மேற்படிவதால், இயற்கையில் எந்த ஒளியாலும் அதை மட்டும் தனியே தூண்ட முடியாது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழு விழித்திரையில் ஒவ்வொரு கூம்பின் இடத்தையும் வரைபடமாக்கி, நடு அலைக் கூம்புகளை மட்டும் லேசரால் தூண்டியது. பங்கேற்ற ஐவரும் இதுவரை காணாத செறிவுள்ள நீலப்பச்சையைக் கண்டதாகக் கூறினார்கள். அதை ஒற்றை அலைநீள ஒளியோடு பொருத்த வேண்டுமானால் அதில் வெள்ளையைச் சேர்த்து வெளிறச் செய்ய வேண்டியிருந்தது.

இது புதிய நிறமா, மிகச் செறிவான பச்சையா என்று துறையினரிடையே கருத்து வேறுபாடு உண்டு. நான் இரண்டாவது பக்கம். கண்டவர்கள் அதை 'நீலப்பச்சை' என்று வகைப்படுத்த முடிந்ததே, அது தெரிந்த வட்டத்தின் ஒரு முனை வெளிநோக்கி நீட்டப்பட்டது என்பதற்கு அடையாளம். நான்காவது திசை அதில் திறக்கவில்லை.

சில பெண்களுக்கு நான்கு கூம்பு உண்டு என்கிறார்களே, அவர்களுக்கு அந்த நான்காவது திசை தெரியுமா?

நடு அலை, நெட்டலைக் கூம்புகளின் மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் உள்ளன. பெண்களுக்கு அது இரண்டு. ஒன்றில் மரபணு சற்று மாறியிருந்தால் நான்காவது வகைக் கூம்பும் உருவாகலாம். அப்படிப்பட்டவர்கள் அரிதல்லர். ஆனால் கூம்பு இருப்பதும் அதன் தகவலை மூளை தனியே பயன்படுத்துவதும் ஒன்றல்ல. 2010இல் வெளியான ஓர் ஆய்வில், இத்தகைய மரபுக்கூறு கொண்ட 24 பெண்களில் ஒருவரே நான்கு பரிமாணங்களில் நிறத்தைப் பிரித்தறிந்தார்.

நமக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு ஒளிகள் அவருக்கு வேறாகத் தெரிகின்றன என்பது உறுதி. அந்த வேறுபாடு அவருக்கு எப்படி இருக்கிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை, ஏனென்றால் அவர் நிறங்களைச் சுட்டக் கற்றது மூன்று கூம்புக்காரர்களிடம்.

தேனீக்கும் பறவைக்கும் புற ஊதா தெரியுமே, அது என்ன நிறமாகத் தெரியும்?

கேள்வியிலேயே ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. நம் பட்டியலில் உள்ள ஏதோ ஒரு நிறமாகத்தான் அது தெரிய வேண்டும் என்பதில்லை. தேனீக்குப் புற ஊதா, நீலம், பச்சை ஆகிய பகுதிகளுக்கு மூன்று ஏற்பிகள் உண்டு. பறவைகள் பலவற்றுக்கு நான்கு வகைக் கூம்புகள். வௌவாலாக இருப்பது எப்படி இருக்கும் என்று 1974இல் தாமஸ் நேகல் கேட்ட கேள்வி இங்கும் செல்லும்: கண்ணின் அமைப்பை முழுதும் அறிந்தாலும் உள்ளிருந்து அது எப்படி இருக்கும் என்பது அந்த அறிவில் அடங்குவதாகத் தெரியவில்லை.

மனிதர்களிலும் சிலருக்குப் புற ஊதாவின் ஒரு பகுதி தெரியும். அதைத் தடுப்பது முதன்மையாக விழிலென்ஸ்தான். லென்ஸ் அகற்றப்பட்டவர்களுக்கு அது வெளிறிய நீலமாகவோ ஊதாவாகவோ தெரிகிறது. புதிய ஒளி, பழைய நிறம்! கூம்புகள் பழைய மூன்றே என்பதால் அப்படித்தான் இருக்க முடியும். ஏற்பிகள் பெருகினால் நிறங்களும் பெருகும் என்பதும் கட்டாயமில்லை: 12 வகை நிற ஏற்பிகள் கொண்ட மாண்டிஸ் இறால், அலைநீளங்களைப் பிரித்தறிவதில் மனிதரைவிடப் பின்தங்கியிருப்பதை 2014இல் ஓர் ஆய்வு காட்டியது.

கருப்பு வெள்ளை அறையில் வளர்ந்த மேரி கதை என்ன சொல்ல வருகிறது?

1982இல் ஃபிராங்க் ஜாக்சன் அமைத்த கற்பனைச் சோதனை அது. நிறப் பார்வையின் இயற்பியல், நரம்பியல் அனைத்தையும் அறிந்த மேரி, வாழ்நாள் முழுதும் கருப்பு வெள்ளையை மட்டுமே கண்டிருக்கிறாள். வெளியே வந்து முதன்முதலாகச் சிவப்பைக் காணும்போது அவள் புதிதாக ஒன்றை அறிகிறாள் என்றால், இயற்பியல் உண்மைகள் மட்டுமே முழு உண்மை அல்ல என்றாகிறது. அவள் பெறுவது புதிய உண்மை அல்ல, சிவப்பை நினைவுகூரவும் கற்பனை செய்யவும் தேவையான ஒரு திறன் மட்டுமே என்று லாரன்ஸ் நெமிரோவும் டேவிட் லூயிஸும் மறுத்தனர். பின்னாளில் ஜாக்சனே தம் முடிவைக் கைவிட்டார்.

நம் பொருளோடு இது சேரும் இடம் வேறு. மேரியிடம் சாம்பல் வரிசை முழுவதும் இருக்கிறது, ஆனால் அதில் சிவப்புக்கான காலியிடம் இல்லை. ஹியூமின் முறை அவளுக்கு உதவாது. ஏறக்குறைய மேரியின் நிலையிலேயே ஒருவர் உண்மையில் இருந்தார். நார்வேயைச் சேர்ந்த கனூட் நூர்ட்பி பிறவியிலேயே நிறமறியாதவர், பார்வையியல் அறிஞரும்கூட. நிறத்தின் கோட்பாடுகள் அனைத்தையும் கற்றும் நிறம் என்பது என்ன என்று தமக்குப் புரிய அவை உதவவில்லை என்றே அவர் எழுதினார். 2009இல் பிறவியிலேயே சிவப்பு-பச்சை பிரித்தறியாத வளர்ந்த குரங்குகளுக்கு மரபணு சிகிச்சை அளித்தபோது, அவை அந்த வேறுபாட்டை அறியத் தொடங்கின. பொருத்தமான ஏற்பி கிடைத்தால் வளர்ந்த மூளையாலும் அதைப் பயன்படுத்திக்கொள்ள முடிகிறது. வெறும் அறிவால் அந்த இடத்தை நிரப்ப முடியவில்லை.

கண்ணால் ஒருபோதும் காணாத நிறத்தை மனத்தால் கண்டவர் எவரேனும் உண்டா?

உண்டு என்று சொல்லத்தக்க ஒரு பதிவு இருக்கிறது. எண்களைப் பார்த்தால் நிறம் தோன்றும் புலன்கலப்பு கொண்ட ஒருவருக்கு நிறக்குறைபாடும் இருந்தது. எண்களில் தாம் காணும் சில நிறங்கள் வெளியுலகில் எங்குமே கண்டிராதவை என்று அவர் கூறியதை வி. எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பர்டும் 2001இல் பதிவு செய்தார்கள். அவர் அவற்றை 'செவ்வாய்க் கிரக நிறங்கள்' என்று அழைத்தார். மூளையின் நிறப்பகுதி கண் வழியாக அல்லாமல் எண்ணை உணரும் பகுதி வழியாகத் தூண்டப்படுவதே காரணம் என்பது அவர்களின் விளக்கம். அது சரியென்றால், கற்பனைக்கு எல்லை வகுப்பது இதுவரை கண்ட அனுபவம் அல்ல. மூளையில் எந்த அமைப்பு இருக்கிறது, அதைத் தட்டியெழுப்ப வழி இருக்கிறதா என்பதுதான்.

எனக்குச் சிவப்பாகத் தெரிவது உங்களுக்குப் பச்சையாகத் தெரியலாம், இல்லையா? இருவரும் 'சிவப்பு' என்றுதானே சொல்வோம்?

ஜான் லாக் 1690இலேயே இதை எழுப்பினார். நிறங்களின் வட்டம் சீரானதாக இருந்தால் இந்த மாற்றத்தைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஆனால் வட்டம் சீரானதல்ல. மிகச் செறிவான மஞ்சள் வெளிச்சமானது, மிகச் செறிவான நீலம் இருண்டது. ஆரஞ்சை இருட்டினால் பழுப்பு என்ற தனிநிறம் பிறக்கிறது. நீலத்தை இருட்டினால் நீலமே மிஞ்சுகிறது. மஞ்சளும் நீலமும் இடம் மாறியவர் எந்த நிறம் எதற்கு நெருக்கம் என்று சொல்லும்போதே மாட்டிக்கொள்வார். சிறு வேறுபாடுகள் மறைந்திருக்கலாம். முழுத் தலைகீழ் மாற்றம் மறைந்திருப்பது கடினம்.

எனக்கு மனத்தில் நிறமே தோன்றாது. நான் என்ன செய்வது?

செய்ய வேண்டியது எதுவும் இல்லை. மனக்காட்சி இல்லாதவர்களைப் பற்றி ஆடம் ஜெமன் 2015இல் எழுதியபின் இது பரவலாக அறியப்பட்டது. அவர்களும் நிறங்களை ஒப்பிடுகிறார்கள், நினைவில் வைத்திருக்கிறார்கள். மனக்காட்சியை மட்டுமே 'கற்பனை' என்று எடுத்துக்கொண்டு வாதிடும் தத்துவவாதிகளுக்குத்தான் இது சிக்கல்.

அப்படியானால் உறுதியாகவே இயலாத நிறம் என்று ஒன்றுமே இல்லையா?

ஒன்றைச் சொல்லலாம்: ஊடுருவித் தெரியும் வெள்ளை. பச்சைக் கண்ணாடி உண்டு, சிவப்புக் கண்ணாடி உண்டு. வெள்ளை நிறமாகவும் அதே வேளையில் தெளிவாகவும் இருக்கும் கண்ணாடி ஏன் இல்லை என்று விட்கன்ஸ்டைன் தம் இறுதி ஆண்டுகளில் எழுதிய குறிப்புகளில் கேட்டார். நிறக்கண்ணாடி வழியே பார்த்தால் வெள்ளைப் பொருள் அக்கண்ணாடியின் நிறத்தை ஏற்கும், கருப்புப் பொருள் கருப்பாகவே இருக்கும். இந்த விதியை வெள்ளைக் கண்ணாடிக்குப் பொருத்துங்கள். அதன் வழியே வெள்ளை வெள்ளையாகவும் கருப்பு கருப்பாகவும் தெரிந்தால் அது நிறமற்ற சாதாரணக் கண்ணாடி. கருப்பு வெளிறித் தெரிந்தால் அது பால் போன்று கலங்கியது, தெளிவானது அல்ல. மூன்றாவது வழி இல்லை. இங்கே நான்காவது கூம்பைச் சேர்த்தாலும், ஒற்றைக் கூம்பை லேசரால் தூண்டினாலும், எண்கள் வழியே மூளையைத் தட்டினாலும் எதுவும் மாறாது.